வாரம் நான்கு நாள், வீட்டிலிருந்து இரண்டு நாள்: டர்பன் அலுவலகத்தில் எச்.ஆர். எதையெல்லாம் திருத்த வேண்டும்?

கிளேர்வுட்_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும் கிளியரிங், ஃபார்வர்டிங் நிறுவனம் எங்களுடையது; சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கி அனுப்பிவைப்பது வேலை. மொத்தம் 64 பேர். அதில் 40 பேர் அலுவலகம்: சுங்க ஆவணம், கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு. மீதி 24 பேர் யார்டு: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள், செக்கர்கள், கண்டெய்னரில் ஏற்றி இறக்குபவர்கள். எல்லோருக்கும் இப்போது நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை. யார்டு ஆறு நாளும் திறந்திருக்கும், ஆளுக்கு ஐந்து நாள் சுழற்சி.

நிர்வாகத்தின் புதுத் திட்டம் இது. அலுவலகத்தாருக்குச் சம்பளம் குறையாமல் வாரம் 4 நாள், 32 மணி. அதில் 2 நாள் வீட்டிலிருந்து. யார்டுக்கு 4 நாள், நாளுக்கு 10 மணி. எல்லோருக்கும் வெள்ளி விடுமுறை என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. வீட்டில் இருப்பவர்களைக் கவனிக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கும் மென்பொருள், யார்டு வாசலில் விரல்ரேகைக் கருவி, விண்ணப்பங்களை வடிகட்ட ஏ.ஐ. கருவி ஆகிய மூன்றும் விலைப்புள்ளி வரை வந்துவிட்டன.

சுற்றறிக்கை எழுதச் சொல்லி என் மேசைக்கு வந்திருக்கிறது. சுற்றறிக்கை போதாது என்று தெரிகிறது. ஒப்பந்தம், விடுப்பு, ஓவர்டைம், கண்காணிப்பு இவற்றில் எங்கே கை வைக்க வேண்டும், எந்த வரிசையில்?

——

மெரிட்ஸ்பர்க்_ஐயா:

சுற்றறிக்கையை எடுத்து வைத்துவிடுங்கள் அம்மா, அது கடைசி வேலை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் யார்டு ஆட்கள் சாலைச் சரக்குப் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் தொழிலுக்கான தேசியப் பேரப் பேச்சு மன்றத்தின் (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒப்பந்தம் போடும் அமைப்பு) எல்லைக்குள் வருகிறார்களா? வந்தால் அவர்களுடைய வேலை நேரம், ஓவர்டைம் எல்லாவற்றையும் அந்த மன்றத்தின் முதன்மை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். நான் கீழே சொல்லும் பொதுச் சட்டக் கணக்கு அதற்கு அப்புறம்தான். ஒரே நிறுவனத்தில் அலுவலகம் ஒரு சட்டத்திலும் யார்டு வேறொரு ஒப்பந்தத்திலும் இருப்பது இங்கே சாதாரணம்.

வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1997-ன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், அதாவது பி.சி.இ.ஏ. வாரம் ஐந்து நாளோ குறைவாகவோ வேலை செய்பவருக்கு ஒரு நாளின் சாதாரண நேரம் 9 மணி, வாரத்துக்கு 45. பத்தாவது மணி தானாகவே ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. இதிலிருந்து விலக்கு வேண்டுமானால் 11-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். எழுத்து என்றால் தொழிலாளியின் கையெழுத்து. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் ஒப்பந்தம் ஆகாது. கையெழுத்து இருந்தால், உணவு இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு 12 மணி வரை ஓவர்டைம் இல்லாமல் போகலாம்.

கையெழுத்து இல்லாமல் தொடங்கினால் என்ன ஆகும்? மாதம் 13,000 ராண்ட் வாங்கும் ஒருவருக்கு மணிக் கூலி 75 ராண்ட். நாளுக்கு ஒரு மணி வீதம் மாதத்தில் சுமார் 17.33 மணி ஓவர்டைம் ஆகிறது. அரை மடங்குக் கூடுதலை மட்டும் கேட்டாலும் ஆளுக்கு 650 ராண்ட். 24 பேருக்கு மாதம் 15,600. ஆறு மாதம் கழித்து ஒருவர் இதைக் கிளப்பினால் மற்ற 23 பேரும் பின்னால் வருவார்கள்.

அடுத்து உணவு இடைவேளை. தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை செய்பவருக்கு ஒரு மணி இடைவேளை. எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதை 30 நிமிடமாகக் குறைக்கலாம். 10 மணி வேலையில் 4½ மணிக்கு இடைவேளை விட்டால் மீதி 5½ மணி. அப்போது இரண்டாவது இடைவேளை கடமையாகிறது. சரியாக நடுவில், 5 + 1 + 5 என்று வைக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு ஐந்து மணி ஒரே இருப்பு நல்லதல்ல. 3½ மணி, அரை மணி ஓய்வு, 3½ மணி, அரை மணி ஓய்வு, 3 மணி என்று பிரிப்பதே என் பரிந்துரை. தேநீர் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

இப்போது தொடக்க நேரம். காலை 7:00-க்குத் தொடங்கினால் 11 மணி நேரம் கழித்து மாலை 6:00. சட்டத்தில் இரவு வேலை தொடங்குவதே 6:00-க்குத்தான். 7:30-க்குத் தொடங்கினால் தினமும் அரை மணி இரவு வேலை. இரவுப்படியோ நேரக் குறைப்போ தர வேண்டும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போக்குவரத்தும் கிடைக்க வேண்டும். அரை மணிக்காக அந்தச் செலவை யார் ஏற்பது? 6:30 அல்லது 7:00, அதற்குமேல் வேண்டாம்.

ஓவர்டைமுக்கும் இடம் சுருங்கும். எந்த நாளும் 12 மணியைத் தாண்டக் கூடாது. ஒரு நாளின் முடிவுக்கும் அடுத்த நாளின் தொடக்கத்துக்கும் இடையே 12 மணி ஓய்வு. வாரத்தில் தொடர்ச்சியாக 36 மணி ஓய்வு. இந்த ஏற்பாட்டில் வாரத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் வேலை கூடாது. கப்பல் தாமதமாகி வந்தால் ‘இன்னும் மூன்று மணி நில்லுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் 10 மணி நாளில் ஒத்துவராது. கூடுதல் வேலையை ஐந்தாவது நாளில்தான் வைக்க முடியும்.

இன்னொன்று பலர் மறப்பது: வேலையில் சேர்ந்த அன்றோ முதல் மூன்று மாதத்திலோ வாங்கிய ஓவர்டைம் ஒப்புதல் ஓராண்டில் காலாவதியாகிவிடும். பழைய கோப்புகளைப் புரட்டுங்கள்.

இந்த நேரக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். 2025 ஏப்ரல் 1-ல் நிர்ணயித்த வரம்பு 2,61,748.45 ராண்ட். ஆண்டுதோறும் திருத்துகிறார்கள், சுற்றறிக்கை வெளியாகும் அன்று இருக்கும் தொகையைப் போடுங்கள். பயணப்படி, ஓவர்டைம் இரண்டும் அந்த வருமானக் கணக்கில் சேராது. மேலாளர் என்ற பட்டம் மட்டும் ஒருவரை இந்த விதிகளுக்கு வெளியே கொண்டுபோகாது; தொகையையும், அவர் உண்மையிலேயே மூத்த நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

——

சம்பளப்பட்டியல்:

ஐயா நேரத்தைச் சொல்லிவிட்டார். பணம் கசியும் இடம் வேறு. சட்டமும் ஒப்பந்தமும் விடுப்பை ‘நாள்’ கணக்கில்தான் பேசுகின்றன. நீங்கள் நாளின் அளவையும், வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் சேர்த்து மாற்றுகிறீர்கள். சம்பள மென்பொருளில் வாரத்துக்கு 5 என்ற ஓர் எண்ணை 4 ஆக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு.

ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 13,000. வாரத்தை மாதமாக்க 4.333-ஆல் பெருக்க வேண்டும். ஐந்து நாள் வாரத்தில் ஒரு நாளின் மதிப்பு 13,000 ÷ 21.67 = 600 ராண்ட். நான்கு நாள் வாரத்தில் 13,000 ÷ 17.33 = 750 ராண்ட். கையிருப்பில் 10 நாள் விடுப்பு இருப்பவரின் பாக்கி நேற்று வரை 6,000. எண்ணை மாற்றிய அன்று இரவே அது 7,500. யாரும் எதுவும் செய்யவில்லை, பாக்கி மட்டும் 25 சதவீதம் ஏறிவிட்டது. 64 பேருக்கும் இதையே செய்து பார்த்தால் நிதி மேலாளர் அலறுவார்.

‘அப்போ நாள் கணக்கை மணிக் கணக்காக்கிவிடலாம்’ என்று பலர் சொல்வார்கள். யார்டுக்கு அது சரி: 10 நாள் × 8 மணி = 80 மணி = 10 மணி நாள் எட்டு. அலுவலகத்துக்குத் தவறு. அங்கே நாள் 8 மணியாகவே நிற்கிறது, வாரம்தான் சுருங்குகிறது. 80 மணி என்று எழுதினால் மறுபடியும் 10 நாள், அதாவது இரண்டு வாரமாக இருந்தது இரண்டரை வாரமாகிவிடும். இரண்டு தரப்புக்கும் பொருந்தும் அளவு வாரம். இருப்பை 5-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்குங்கள். 10 நாள் = 2 வாரம் = 8 நாள். 8 × 750 = 6,000. பழைய பாக்கியோடு பைசா மாறாமல் ஒத்துப்போகும்.

ஆனால் இதை ஊழியரிடம் விளக்காமல் செய்யாதீர்கள். சம்பளச் சீட்டில் 10 என்று இருந்தது 8 ஆனால் ‘என் இரண்டு நாள் எங்கே?’ என்றுதான் கேட்பார். மாற்றத்துக்கு முந்தைய மாதச் சீட்டோடு ஒரு தாள் கொடுங்கள்: பழைய நாள், வாரம், புதிய நாள், ராண்ட் மதிப்பு, நான்கு கட்டம். அதிலேயே கையெழுத்து.

மற்ற விடுப்புகள்:

ஆண்டு விடுப்பு, சட்டப்படி தொடர்ந்து 21 நாள், அதாவது மூன்று வாரம். ஐந்து நாள் வாரத்தில் 15 வேலை நாள்; நான்கு நாள் வாரத்தில் 12. உங்கள் ஒப்பந்தத்தில் 20 என்று தாராளமாக எழுதியிருந்தால் அது 16 ஆகும். ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணை நீங்களாகக் குறைக்க முடியாது, புதிய ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

நோய் விடுப்பு 36 மாதச் சுழற்சிக்கு ஆறு வார வேலை நாள்கள். 30 என்பது 24 ஆகும். நடுச் சுழற்சியில் மாறுபவருக்கும் அதே வகுத்தல்தான்: 30-ல் 10 எடுத்திருந்தால் மீதி 20, புதிய கணக்கில் 16. சுழற்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், பழைய தொடக்கத் தேதியே இருக்கட்டும். மருத்துவச் சான்று விதி மாறாது: தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல், அல்லது எட்டு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வராமல் இருந்தால் சான்று கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை நாளில் ‘தலைவலி, ஆனால் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறேன்’ என்பதை நோய் நாளாகப் போடுவதா வேலை நாளாகப் போடுவதா என்று கொள்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேலாளரும் ஒவ்வொரு விதமாகப் போடுவார்.

குடும்பப் பொறுப்பு விடுப்பு, ஆண்டுக்கு 3 நாள். இதற்குத் தகுதியே வாரத்தில் குறைந்தது நான்கு நாள் வேலை செய்வதுதான். நான்கோடு நின்றால் தகுதி இருக்கிறது. நாளைக்கு யாரையாவது மூன்று நாளுக்கு மாற்றினால் சட்டப்படியான தகுதி போய்விடும், அதை அப்போது மறந்துவிடாதீர்கள்.

விடுப்புக் கொள்கையைத் திறக்கும்போதே பேறுகால விடுப்புப் பக்கத்தையும் திருத்திவிடுங்கள். 2025 அக்டோபர் 3-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி வேலையில் இருக்கும் பெற்றோர் இருவரும் நான்கு மாதம் பத்து நாளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். ‘தந்தைக்குப் பத்து நாள்’ என்று மட்டும் சொல்லும் பழைய கையேடுகள் இன்னும் நிறைய அலுவலகங்களில் கிடக்கின்றன.

ஓவர்டைம் விகிதமும் ஏறும். 40 மணியில் 13,000 ÷ 173.33 = 75 ராண்ட், 32 மணியில் 13,000 ÷ 138.67 = 93.75. அலுவலக ஆளை ஐந்தாம் நாள் கூப்பிட்டால் 33-ஆம் மணியிலிருந்தே ஒன்றரை மடங்கா, அல்லது 40 வரை சாதாரண விகிதமா? எது என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடத்தில்தான் சி.சி.எம்.ஏ. (தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) படிவம் முளைக்கும்.

——

கிளேர்வுட்_மலர்:

ஐயாவுக்கும் சம்பளப்பட்டியலுக்கும் நன்றி. 5-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்குவதை நாளைக்கே ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, எல்லோருக்கும் வெள்ளி விடுமுறை வைத்தால் அரசு விடுமுறை நாள்கள் என்ன ஆகும்? இரண்டு, யாராவது கையெழுத்துப் போட மறுத்தால்?

——

சம்பளப்பட்டியல்:

முதல் கேள்வி எனக்கு. அரசு விடுமுறை உங்கள் வேலை நாளில் விழுந்தால் சம்பளத்தோடு விடுப்பு. வேலை இல்லாத நாளில் விழுந்தால் அது கரைந்துபோகும், ஈடு கிடையாது. 2026-ல் வெள்ளியில் விழுபவை மூன்று: புனித வெள்ளி, மே 1, டிசம்பர் 25. திங்களிலும் மூன்று: ஈஸ்டர் திங்கள், ஏப்ரல் 27, ஞாயிறில் வரும் மகளிர் தினத்துக்குப் பதிலான ஆகஸ்ட் 10. ஞாயிறு விடுமுறைகள் திங்களுக்குத் தள்ளப்படுவதால் பொதுவாகத் திங்கள் விடுப்புக்காரருக்கு இழப்பு கொஞ்சம் கூடுதல். புதன் விடுப்பு எடுப்பவருக்கு 2026-ன் வழக்கமான விடுமுறைகளில் இழப்பு டிசம்பர் 16 மட்டும்.

அதோடு கிளியரிங் வேலையில் எல்லோருக்கும் வெள்ளி என்பதே நடக்காத காரியம். கப்பலும் சுங்கமும் வெள்ளியை மதிப்பதில்லை. 40 பேரை மூன்றாகப் பிரித்து திங்கள், புதன், வெள்ளி என்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுழற்றுங்கள். விடுமுறை இழப்பும் அப்போது எல்லோருக்கும் பங்காகும்.

——

மெரிட்ஸ்பர்க்_ஐயா:

இரண்டாவது கேள்விக்கு. மறுப்பவர் பழைய 5 × 8-லேயே இருப்பார், அவ்வளவுதான். வேலை நிபந்தனையை ஒருதலையாக மாற்றினால் தொழிலுறவுச் சட்டத்தின் 64(4) பிரிவில் அவர்கள் தகராறு எழுப்பி, பழைய நிபந்தனையையே தொடரச் சொல்லலாம். கோரிக்கையை ஏற்கவில்லை என்பதற்காக வேலையை விட்டு நீக்கினால் அது 187(1)(c)-யில் விழும், தானாகவே நியாயமற்ற பணிநீக்கம். சாதாரண நியாயமற்ற நீக்கத்துக்கு இழப்பீட்டு உச்சம் 12 மாதச் சம்பளம், இதற்கு 24. யார்டில் பெரும்பான்மைச் சங்கம் இருந்தால் கூட்டு ஒப்பந்தமாகப் போடுங்கள், தனித்தனிக் கையெழுத்துத் தொல்லை குறையும்.

சோதனைக் காலம் என்றால் காலத்தை எழுதுங்கள். ‘ஆறு மாதம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, எழுத்தில் நீட்டிக்காவிட்டால் பழைய நேரம் தானாகத் திரும்பும், இரு தரப்பும் 30 நாள் அறிவிப்பில் நிறுத்தலாம்.’ இது இல்லாத சோதனைகள் சத்தமில்லாமல் இரண்டு ஆண்டு ஓடும். பிறகு ஒரு புது மேலாளர் வந்து ‘எல்லோரும் திரும்பி வாருங்கள்’ என்பார். அதற்குள் அது வெறும் நடைமுறையா, நிபந்தனையாகவே ஆகிவிட்டதா என்று வழக்குப் பேசும் நிலை வந்திருக்கும். வீட்டிலிருந்து வேலைக்கும் அதே வரி. வேலையிடம், வேலை நாள், நேரம் மூன்றும் பி.சி.இ.ஏ.-வின் 29-ஆம் பிரிவின்படி ஊழியருக்கு எழுத்தில் தர வேண்டிய விவரங்கள். மாறினால் திருத்திய பிரதியை அவர் கையில் தர வேண்டும். வருகை, நேரப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், வீட்டு நாளுக்கும் சேர்த்து.

நீங்கள் கேட்காத ஒன்று. அலுவலகத்துக்கு 32 மணி, யார்டுக்கு 40, சம்பளம் இரண்டிலும் அப்படியே. டர்பனில் பல நிறுவனங்களில் அலுவலகம் பெரும்பாலும் இந்திய வம்சாவளி, யார்டு பெரும்பாலும் ஜூலு பேசும் ஆப்பிரிக்கர்கள். உங்களிடமும் அப்படியென்றால், வேலையின் தன்மையால் வந்த வேறுபாடு என்று நீங்கள் சொல்வதை அவர்கள் இனத்தால் வந்தது என்று படிப்பார்கள். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் அதற்கு இடமும் இருக்கிறது. 50 பேருக்கு மேல் இருப்பதால் நீங்கள் அந்தச் சட்டத்தில் குறிக்கப்பட்ட முதலாளி. ஜனவரி 15-க்குள் அறிக்கை போகிறது, ஆலோசனைக் குழுவும் இருக்க வேண்டும். திட்டம் முதலில் அந்தக் குழுவுக்குப் போகட்டும், யார்டுக்கு ஏன் 32 முடியாது என்பதற்கு எண்களோடு காரணம் இருக்கட்டும்.

எண் என்றால் இப்படி. 24 பேர் × 5 நாள் = 120 ஆள்நாள், ஆறு நாளுக்குப் பகிர்ந்தால் தினம் 20 பேர் × 8 மணி = 160. புதிய முறையில் 24 × 4 = 96, தினம் 16 பேர் × 10 மணி = 160. ஆள்மணி மாறவில்லை. 32 மணி தந்தால் தினம் 128-தான். 160-ஐ எட்ட இன்னும் 6 பேர் வேண்டும். அந்த ஆறு பேரின் செலவைக் காட்டிப் பேசுங்கள். ஒருவேளை ‘36 மணியில் சந்திக்கலாம்’ என்று முடிவு வரலாம், அதுவும் மோசமில்லை.

——

வெருலம்_கணினி:

திரையைப் படமெடுக்கும் மென்பொருள் பற்றி யாரும் பேசவில்லை, நான் ஆரம்பிக்கிறேன்: வாங்காதீர்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒன்று, எட்டு மணியில் 48 படம். 40 பேருக்கு நாளுக்கு 1,920. இதை உட்கார்ந்து பார்க்கப்போவது யார்? யாரும் இல்லை. ஆனால் அந்தக் குவியலில் வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் இருக்கும், வங்கிப் பக்கம் இருக்கும், ஊழியர் மருத்துவருக்கு எழுதிய மின்னஞ்சல் இருக்கும். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் பொப்பியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, எடுக்கும் தகவல் நோக்கத்துக்குத் தேவையான அளவுதான் இருக்க வேண்டும். ‘ஊழியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்பது பலவீனமான கவசம். வேலை கொடுப்பவர் நீட்டும் தாளில் யார் மறுக்க முடியும்? நியாயமான தொழில் நலன் என்ற அடிப்படையில் நின்று, குறைந்த அளவே எடுத்து, முன்கூட்டியே சொல்லி எடுப்பதுதான் தாங்கும். தகவல் தொடர்பை இடைமறிப்பதானால் ரிக்கா சட்டமும் சேரும். அங்கேயும் தொழில் சார்ந்த நோக்கமும் முன்கூட்டிய அறிவிப்பும் கேட்கிறார்கள்.

மென்பொருளின் சர்வர் வெளிநாட்டில் இருந்தால், தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவது பற்றிய பொப்பியாவின் 72-ஆம் பிரிவு. விற்பவரோடு 21-ஆம் பிரிவுப்படி பாதுகாப்பு பற்றி எழுத்து ஒப்பந்தம். ‘சுறுசுறுப்பு மதிப்பெண் 60-க்குக் கீழே போனால் தானாக எச்சரிக்கைக் கடிதம்’ என்ற வசதியை இயக்கினால் 71-ஆம் பிரிவு: ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டும் எடுக்கக் கூடாது. மதிப்பெண்ணை ஏமாற்ற மௌஸை ஆட்டும் கருவி கடையில் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

பதிலாக என்ன? உங்கள் வேலையே எண்ணக்கூடியது. ஒருவர் நாளுக்கு எத்தனை சுங்க அறிவிப்பு முடித்தார், அதில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது, கப்பல் வருவதற்கு எத்தனை மணி முன்பு ஆவணம் தயார். இந்த மூன்றும் கிளியரிங் மென்பொருளிலேயே இருக்கின்றன. திட்டம் தொடங்கும் முன் எட்டு வாரத்துக்கு இந்த எண்களை எடுத்து வையுங்கள். ஒப்பிட இந்த அடிப்படை எண்கள் இல்லாமல் ஆறு மாதம் கழித்து ‘உற்பத்தி குறைந்ததா’ என்று கேட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதுதான் பதிலாகும்.

விரல்ரேகை: பொப்பியாவில் சிறப்புத் தகவல் வகை. தேவையென்றால் ரேகைப் படத்தைச் சேமிக்காமல் கணித வடிவமாக மட்டும் வைக்கும் கருவி, வேலையை விட்டவரின் பதிவு உடனே அழிப்பு, மறுப்பவருக்கு அட்டை. யார்டில் இன்னொரு நடைமுறைச் சிக்கல்: கயிறும் மரப்பெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரல், கிரீஸ் படிந்த விரல், இரண்டையும் கருவி படிக்காது. காலை 6:50-க்கு வாசலில் வரிசை நிற்கும், அந்தத் தாமதம் யார் கணக்கு? எனக்குக் கேட்டால் 24 பேருக்கு அட்டையே போதும்.

வீட்டு வேலைக்கு: ஃபைபர் வீட்டில் இரண்டு பெட்டி இருக்கும், சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, வைஃபை ரூட்டர் ஒன்று. மினி யு.பி.எஸ். வாங்கி ரூட்டரை மட்டும் அதில் செருகினால் மின்சாரம் போனதும் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. இரண்டையும் செருக வேண்டும். இரண்டும் சேர்ந்து 12 வாட் எடுத்தால் 32 வாட்-மணி பேட்டரி இரண்டரை மணி தாங்கும். லோட் ஷெடிங் இப்போது அடங்கியிருந்தாலும் கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் அடங்கவில்லை. மின்சாரம் இரண்டு மணிக்கு மேல் இல்லாவிட்டால் அலுவலகம் வருவதா, நேரத்தை மாற்றுவதா, யார் முடிவு செய்வது என்று எழுதுங்கள்.

——

சம்பளப்பட்டியல்:

அதோடு ஒட்டியது ஒன்று. இணையத்துக்கு மாதம் 500 ராண்ட் படி என்று போட்டால் அது வரிக்கு உட்பட்ட வருமானம். இணைப்பையே நிறுவனத்தின் பெயரில் எடுப்பதோ, ரசீது வாங்கி வேலைச் செலவைத் திருப்பித் தருவதோ வேறு கணக்கு, வரி ஆலோசகரிடம் ஒரு முறை காட்டுங்கள். ‘வீட்டு அலுவலகச் செலவை சார்ஸ் (வருமான வரித் துறை) வரியில் கழித்துவிடும்’ என்று ஊழியர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கழிவுக்கு வேலைக்கென்றே சாதனங்களோடு ஒதுக்கிய தனி அறை வேண்டும், வேலையில் பாதிக்கு மேல் அங்கே நடக்க வேண்டும். நான்கு நாளில் இரண்டு நாள் என்பது சரியாகப் பாதி. பாதிக்கு மேல் இல்லை. சாப்பாட்டு மேசை எப்படியும் தேறாது.

——

மிட்ராண்ட்_வாசகி:

ஏ.ஐ. வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை, அது தனியாக விட்டுப்போகக் கூடாது. இந்தக் கருவிகளில் ‘அலுவலகத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்’, ‘வேலை இடைவெளி ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் நீக்கு’ என்ற இரண்டு பொத்தான்கள் இயல்பாகவே இயக்கத்தில் இருப்பது உண்டு. இடைவெளி விதி பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண்களை முதலில் வெட்டும். தூர விதி இந்த ஊரில் வெறும் தூரம் அல்ல. 1950-ன் குழுப் பகுதிகள் சட்டம் இனம் பார்த்து யாரை எங்கே குடிவைத்தது என்பதன் வரைபடம் இன்னும் அழியவில்லை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், உம்லாசி என்று முகவரியைச் சொன்னாலே இனம் பாதி தெரிந்துவிடும். முகவரியை வைத்து வடிகட்டினால் இனத்தை வைத்து வடிகட்டியதாகவே ஆகும். விண்ணப்பதாரருக்கும் சமத்துவச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஆளுமைத் தேர்வு, விளையாட்டு வடிவத் தேர்வு எல்லாம் 8-ஆம் பிரிவில் வரக்கூடியவை: அறிவியல்படி செல்லுபடியானது என்று காட்ட வேண்டும், எந்தக் குழுவுக்கும் எதிராகச் சாய்ந்திருக்கக் கூடாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடந்த ஆண்டு நீங்கள் வேலைக்கு எடுத்து நன்றாகச் செய்பவர்களின் பழைய விண்ணப்பங்களை அதில் ஓட்டிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரைக் கருவி தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். விற்பவர் இதற்கு இழுத்தடித்தால் அதுவே பதில்.

32 மணித் திட்டம் பற்றியும்: 2023-ல் தென்னாப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆறு மாதம் நான்கு நாள் வாரத்தைச் சோதித்தன. அங்கே விதி, சம்பளம் நூறு, நேரம் எண்பது, வேலைப் பலன் நூறு. ஒரு நாளை வெட்டிவிட்டு எட்டு மணி வேலையை மற்ற நான்கு நாளில் திணித்தால் இது நடக்காது. அந்த எட்டு மணி எங்கிருந்து வரும் என்று முன்பே கண்டுபிடிக்க வேண்டும்: ஒரு மணிக் கூட்டங்களை 25 நிமிடமாக்குவது, ஒரே தகவலை வாடிக்கையாளர் மின்னஞ்சலிலும் எக்செல்லிலும் மூன்றாம் முறை மென்பொருளிலும் தட்டுவதை நிறுத்துவது. கிளியரிங் அலுவலகத்தில் மறுதட்டச்சு ஒன்றிலேயே ஆளுக்கு வாரம் மூன்று நான்கு மணி ஒளிந்திருக்கும்.

——

கிளேர்வுட்_மலர்:

நன்றி. வரிசை இப்படி எழுதிக்கொண்டேன், தவறிருந்தால் திருத்துங்கள்: பேரப் பேச்சு மன்ற எல்லை, எட்டு வார அடிப்படை எண்கள், ஆலோசனைக் குழு, விடுப்பு மாற்றுத் தாள், 11-ஆம் பிரிவு ஒப்பந்தமும் ஆறு மாத வரியும், கடைசியில் சுற்றறிக்கை. ஒரு சின்ன விஷயம். யார்டிலும் அலுவலகத்திலும் தீபாவளிக்கும் தைப்பூசக் காவடிக்கும் விடுப்புக் கேட்பவர்கள் நிறைய. நான்கு நாள் வாரம் வந்தால் அதற்கு இடம் இருக்கிறதா?

——

மெரிட்ஸ்பர்க்_ஐயா:

வரிசை சரி. அடிப்படை எண்களையும் ஆலோசனைக் குழுவையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம், எட்டு வாரம் சும்மா காத்திருக்க வேண்டாம்.

தீபாவளிக்கு வழி இருக்கிறது. பொது விடுமுறைச் சட்டம் ஓர் அரசு விடுமுறையை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. உதாரணமாக செப்டம்பர் 24-ல் வேலை செய்து தீபாவளி அன்று சம்பளத்தோடு விடுப்பு. அன்றைக்கு அவர் வேலை நாளாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சுழற்சிப் பட்டியலில் பாருங்கள், விடுப்பு நாளை விடுப்பு நாளோடு மாற்றிப் பயனில்லை. ஆளாளுக்கு எழுத்தில், தேதி இரண்டும் குறித்து, அந்த நாளுக்கு முன்பே. புனித வெள்ளியை மாற்று நாளாக வைத்து யாரிடமும் கேட்காதீர்கள். ஈஸ்டர் வார இறுதியில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, உங்கள் தமிழ் ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள்.